பனியனில் ஒட்டாத உப்பு

அயல்நாட்டுக் கடற்கரை ஒன்றில் அலைச்சறுக்கு விளையாடிவிட்டுக் கரையேறும் இளைஞன், கறுப்பு நிறப் பருத்திப் பனியன் ஒன்றை எடுத்து அணிந்துகொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அது நம் திருப்பூரில் பிறந்த பனியனாக இருக்கலாம். பஞ்சு, நூல், சாயம், தையற்கூலி, கப்பற்கட்டணம் எல்லாம் அதன் விலையில் அடக்கம். ஆனால் ஏறத்தாழ 100 கிராம் உப்பின் கணக்கு மட்டும் நெடுங்காலம் அந்த விலையில் ஏறவே இல்லை.

பனியனுக்கும் உப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள்.

பருத்தி இழையை நீரில் நனைத்தால் அதன் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. இன்று பருத்திக்குப் பெரிதும் பயன்படும் வினைபடு சாயங்களும் நீரில் கரைந்ததும் எதிர்மின்னூட்டம் கொள்பவையே. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? இந்த விலக்கத்தைத் தணிக்கவே சாயத் தொட்டியில் சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ கொட்டுகிறார்கள். உப்பிலுள்ள சோடியம் அயனிகள் இடையே புகுந்து பகையைக் குறைக்க, சாயம் இழையை அணுகுகிறது. பிறகு சோடா காரம் சேர்த்ததும் சாயம் செல்லுலோசுடன் வேதிப்பிணைப்புக் கொண்டுவிடும். உப்போ தரகனைப் போன்றது. திருமணம் முடிந்ததும் வெளியேறிவிடும். துணியில் அது தங்குவதில்லை.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர். கருநிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று கொள்வோம். மொத்தம் 480 கிராம். பனியனின் எடை 200 கிராம் என்றால், அதன் பங்கு 96 கிராம்.

அந்த உப்பு எங்கே போயிற்று? வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலுக்குப் போயிற்று. மழைக்காலம் நீங்கலாக அந்த ஆற்றில் நல்ல நீர் மிகக் குறைவு. பாசனத்துக்கென்று சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992இல் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர்கள், திறக்காதீர்கள் என்று மன்றாடினார்கள்!

கழிவைச் சுத்திகரிக்கவில்லையா? 1990களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் சேர்த்தால் சாயம் திரண்டு அடியில் படியும். மேலே நீர் தெளிந்து நிற்கும். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றிவிட்டது. நிறம் போனது, கரைந்த உப்பு போகவில்லை. வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது என்பது விதி. அந்த முறையால் இதை எட்டவே முடியாது. ஊரார் சிவப்பு நீரைக் கண்டு அஞ்சினார்கள். உண்மையில் தெளிந்த நீரையும் அஞ்சியிருக்க வேண்டும்.

நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் அது நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உப்பேறிய மண்ணிலும் அதே சவ்வூடு பரவல்தான். ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. அதோடு நிற்பதில்லை. களிமண் துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியத்தைச் சோடியம் வெளியேற்றுகிறது. துகள்கள் சிதறி மண்ணின் நுண்துளைகள் அடைபடுகின்றன. மேலே விழும் மழையும் உள்ளே இறங்காது. கிணறு உவர்த்தபின் ஆற்றை நிறுத்தினாலும் நிலம் உடனே தேறாமைக்கு இதுவே காரணம்.

உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீரை அறவே வெளிவிடாத முறை வேண்டும் என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2009இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். நிலமிழந்தவனுக்கு அடுத்து, கூலிக்காரன் கட்டிய தவணை அது.

இப்போது எதிர்ச்சவ்வூடு பரவல் கருவிகளில் நல்ல நீரைப் பிரித்தெடுத்து மீண்டும் பட்டறைக்கே அனுப்புகிறார்கள். எஞ்சும் உப்புக்கரைசலில் ஒரு பகுதி மறுபடியும் சாயத் தொட்டிக்குப் போகிறது. மற்றதை நீராவியால் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். இதற்கு விறகும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன. கடைசியில் சாயமும் பலவகை உப்புகளும் கலந்த பழுப்புத் திடப்பொருள் மிஞ்சும். அதைத் தனித்தனியே பிரிப்பது கடினம். மண்ணில் கொட்டவும் கூடாது. ஆகவே மூட்டை மூட்டையாகக் கட்டி, மழை படாமல் கொட்டகைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.