கடல்நுரைச் சுங்கானும் கல்சட்டியும்

நாட்டு மருந்துக் கடையில் போய், "கடல்நுரை இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். கணவாய் மீனின் ஓட்டை எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். வெள்ளையாய், லேசாய் இருக்கும்.

ஜெர்மானியரும் ஒரு பொருளுக்குக் கடல்நுரை என்றே பெயர் வைத்தார்கள். அவர்கள் பாஷையில் அது 'மீர்ஷாம்'. ஆனால் அது மீன் ஓடு அல்ல, கல்! வெண்ணெய் நிறம், உலர்ந்த துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். 1847-ல் இந்தக் கல்லுக்குச் 'செபியோலைட்' என்று விஞ்ஞானப் பெயர் சூட்டியபோதும் கணவாய் ஓட்டை நினைத்துத்தான் சூட்டினார்கள். எங்கேயோ இருக்கிறவர்களுக்கும் நமக்கும் எண்ணம் எப்படி ஒத்துப்போகிறது, பார்த்தீர்களா?

இந்தக் கல்லில் செய்வதுதான் சீமைச் சுங்கான், அதாவது புகையிலைக் குழாய். துருக்கியில் எஸ்கிஷெஹிர் என்ற ஊரைச் சுற்றி, பூமிக்கு அடியிலிருந்து உருண்டை உருண்டையாகத் தோண்டி எடுக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது நகத்தாலேயே கீறலாம். சிங்க முகம், தலைப்பாகைக்காரர், தொப்பி அணிந்த சீமாட்டி என்று எதை வேண்டுமானாலும் செதுக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னா நகரத்துச் சிற்பிகள் இதில் கைதேர்ந்தவர்களாக விளங்கினார்கள். செதுக்கி முடித்ததும் உலர்த்தி, காய்ச்சிய தேன்மெழுகில் முக்கி எடுத்து, வாயில் வைக்கும் பாகத்துக்கு அம்பர் பிசினைப் பொருத்திவிடுவார்கள்.

பழம் சாமான் சேகரிப்பவர்கள் இதன் மேல் உயிரை விடுவதற்குக் காரணம் சிற்பம் மட்டும் அல்ல. புகைக்கப் புகைக்க வெள்ளைக் கல் மஞ்சளாகும். பிறகு தேன் நிறம். பல வருஷம் கழித்துக் கருஞ்சிவப்பு. இந்த நிறம் ஒரே நாளில் வந்துவிடாது. யாரோ ஒருவர் பதற்றமில்லாமல், கீழே போடாமல், பல காலம் பாதுகாத்திருந்தால்தான் வரும். ஆகவே சேகரிப்பவர் காசு கொடுப்பது கல்லுக்கு மட்டுமல்ல, அந்தப் பொறுமைக்கும் சேர்த்துத்தான்.

"அது சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். வாருங்கள், ஏற்காட்டுக்குப் போவோம்.

சேலத்துக்கு மேலே கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்தச் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். பிறகு வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பலர் பங்களா கட்டிக் குடியேறினார்கள். இன்று ஏற்காடு, தலைச்சோலைப் பக்கம் போகிறவர்கள் மேலே காப்பியையும் மிளகுக் கொடியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலையடிவாரத்தைக் கவனிப்பவர்கள் குறைவு.

சேலத்திலிருந்து ஓமலூர்ப் பக்கம் போகும்போது பூமி வெள்ளை வெளேர் என்று இருக்கும். சுண்ணாம்பு என்று நினைத்து ஆங்கிலேயர் 'சாக்குக் குன்றுகள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது மாக்னசைட். உருக்காலை உலைகளுக்கான செங்கல் செய்ய உதவுவது. அங்கே ரயில் நிலையத்துக்குக்கூட 'மாக்னசைட் ஜங்ஷன்' என்றுதான் பெயர். துருக்கிக் கடல்நுரைக் கல்லும் ஆதியில் மாக்னசைட் கூழாங்கல்லாக இருந்து, பூமிக்குள் நெடுங்காலம் கிடந்து மாறியதுதான். சேலத்து மண்ணுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி!

இன்னொரு சகோதரி நம் சமையலறையிலேயே இருக்கிறாள். அதுதான் மாக்கல். மக்னீஷியம் கலந்த மெத்தென்ற கல். அதைக் குடைந்து செய்யும் கல்சட்டிக்குச் சேலம் பேர் போனது.

புதுக் கல்சட்டி சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். வாங்கியவுடன் அடுப்பில் ஏற்றினால் 'பட்'டென்று விரிசல் விடும். நாலைந்து நாள் வெதுவெதுப்பான வடிகஞ்சி ஊற்றி வைக்க வேண்டும். உள்ளும் புறமும் எண்ணெயும் மஞ்சள் பொடியும் தடவ வேண்டும். மெல்லிய தீயில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். அப்புறம் பாருங்கள்! வருஷம் ஆக ஆக எண்ணெய் குடித்துக் கன்னங்கரேல் என்று மின்னும். இறக்கி வைத்த பிறகும் வற்றல் குழம்பு அதில் கொதித்துக்கொண்டே இருக்கும்.

துரையின் சுங்கான் நிறம் மாறியதற்கும் பாட்டியின் கல்சட்டி நிறம் மாறியதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் பொறுமையின் நிறம்தான். ஆனால் ஒன்று கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. மற்றொன்று எவர்சில்வர் வந்ததும் பரணுக்குப் போயிற்று. புகை விட்டவருக்குக் கிடைத்த மரியாதை, புகையில் நின்றவளுக்குக் கிடைக்கவில்லை!

தாத்தாவின் சுங்கான் வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். தண்ணீரில் கழுவாதீர்கள், சுரண்டி வெள்ளையாக்க முயலாதீர்கள். மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். வாங்குவதாக இருந்தால் ஜாக்கிரதை. செதுக்கிய தூளைப் பிசைந்து அச்சில் அழுத்திச் செய்ததும் உண்டு. ஆனால் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புகையிலை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். சுங்கான் அழகாக இருப்பதால் அது விலகிப் போய்விடாது.

கல்சட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். தூசி தட்டி, மறுபடி கஞ்சி ஊற்றிப் பழக்கி, ஒரு நாள் கீரை மசியுங்கள். உங்கள் பாட்டி விட்ட இடத்திலிருந்து அந்தக் கறுப்பு நிறம் இன்னும் கொஞ்சம் ஏறும்.