கடலடியிலிருந்து வரும் செய்தி

அசோக் நகர்த் தூணருகே நிற்பவருக்குக் கடலின் இரைச்சல் கேட்பதில்லை. ஆயினும் இப்பகுதியிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் சென்றால், பள்ளிக்கரணையில் ஒரு நிலையம் உண்டு. வங்கக் கடலின் நடுவிலிருந்து இரவு பகலாய் அங்கே செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. 1993-ஆம் ஆண்டு தோன்றிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமே அது.

அச்செய்திகளின் அருமையை நமக்கு உணர்த்தியது 2004 டிசம்பர் 26. அந்த ஞாயிறு காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்திராவை அடுத்த கடலடி நிலம் குலுங்கியது. பேரலை நம் கரையை எட்ட இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அத்தனை அவகாசம் இருந்தும் எச்சரிப்பார் இல்லை. மெரினாவில் உலாவச் சென்றோர், கடலோரக் குப்பத்து மக்கள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் வேளாங்கண்ணியில் கூடியிருந்த திருப்பயணிகள் என, தமிழகத்தில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர்.

அன்று ஜேசன்-1 என்னும் செயற்கைக்கோள் தற்செயலாக அந்த அலையின் மேலாகச் சென்று, திறந்த கடலில் அதன் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர் என அளந்தது. ஆனால் அக்கணக்கு ஆய்வாளர்களின் கைக்கு வந்தபோது பல மணி நேரம் கடந்துவிட்டது. அளந்தால் மட்டும் போதாது. அளந்தது உரிய நேரத்தில் வந்து சேரவும் வேண்டும்.

அதற்கான ஏற்பாடு பின்னர் அமைந்தது. ஆழ்கடலின் தரையில் ஓர் அழுத்தமானி வைக்கப்படுகிறது. மேலே நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும், அடியில் ஏற்படும் அழுத்த மாறுதலை அது கண்டுகொள்ளும். வானொலி அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்ல இயலாதாகையால், அது தன் செய்தியை ஒலியாக மேலே அனுப்புகிறது. மேலே மிதக்கும் மிதவை அதைக் கேட்டு, செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு விடுக்கிறது. பள்ளிக்கரணையிலும், ஐதராபாத்தில் 2007-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சுனாமி எச்சரிக்கை மையத்திலும் அச்செய்தி பெறப்படுகிறது.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திரா அருகே மீண்டும் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. சென்னையில் பலர் அஞ்சித் தெருவுக்கு ஓடிவந்தனர். எச்சரிக்கை விடுக்கப்பட்டது. எனினும் மிதவைகளும் கரையோர அளவிகளும் சிறு மாற்றத்தையே காட்டின. அன்று மாலையே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆபத்து வருகிறது என்று சொல்வதைப் போலவே, அஞ்சவேண்டாம் என்று சொல்வதும் பெரும் பணியன்றோ!

ஆனால் இக்காவலாளிக்கே காவல் தேவைப்படுகிறது. மிதவையின் நிழலில் மீன்கள் கூடும். மீன்களை நாடிப் படகுகள் வரும். படகை மிதவையில் கட்டுவதால் அதன் அலைவாங்கி முறிவதுண்டு, வலை சிக்குவதுண்டு, சூரிய ஒளித் தகடுகள் களவு போவதுமுண்டு. அப்போது கடல் ஊமையாகிவிடுகிறது. பிழைப்புக்காகக் கடல் செல்வோரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் அவர்களுக்கு முன்கூட்டி அறிவிக்க உதவுவனவும் இத்தகைய மிதவைகளே.

நம் பங்கின் குடும்பங்கள் பலவற்றிற்குக் கடலோர ஊர்களில் உறவினர் உண்டு. அடுத்தமுறை அவர்களைக் காணும்போது இதனை எடுத்துச் சொல்லுங்கள்: நடுக்கடலில் மிதவையைக் கண்டால் விலகிச் செல்லுங்கள், அது உங்கள் பிள்ளைகளுக்காக விழித்திருக்கிறது.