விரல் பழகிய வழி

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். 1586இல் அங்கே ‘அடியார் வரலாறு’ என்ற தமிழ்ப் புத்தகம் அச்சானது. எழுதியவர் அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அழைக்கப்படும் போர்த்துகீசியப் பாதிரியார் ஹென்றிக் ஹென்றிக்கஸ். அச்சு வேலைக்கு முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பணம் கொடுத்தார்கள். இந்தியாவில் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்று என்ற பெருமையோடு நம் பேச்சு வழக்கமாக நின்றுவிடும். அந்தக் காலத்துத் தமிழ் அச்சில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு: மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. எரியா ஏரியா என்பதை வாசகர்தான் இடம் பார்த்து முடிவுசெய்துகொள்ள வேண்டும். புள்ளி வைக்கச் சொல்லித் தொல்காப்பியமே விதித்திருக்கிறது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள் என்பார்கள். உலோகத்தில் வார்த்த எழுத்துக்கு அந்தப் பயம் இல்லை. இருந்தும் அச்சு, ஏட்டின் குறையை அப்படியே சுமந்துகொண்டு வந்தது. அது கவனக்குறைவால் நேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஏடு வாசித்துப் பழகிய கண்ணுக்கு, முன்பின் பார்த்திராத அச்சு அந்நியமாகப் படாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைய மென்பொருள் நிறுவனங்களைக் குழப்பும் கேள்விக்கான விடை இதற்குள் இருக்கிறது. ஓட்டைகள் நிறைந்த ஒரு பதிப்பை மக்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்? அதைவிட நன்றாகச் செய்த ஒன்றை ஏன் திரும்பிப் பார்க்க மறுக்கிறார்கள்? ‘வாடிக்கையாளர் விசுவாசம்’ என்று இதற்கு நிறுவனங்கள் பெயர் வைத்திருக்கின்றன. அந்த விசுவாசம் நிறுவனத்தின் மேல் உள்ளது அல்ல, மென்பொருளின் மேல் உள்ளதும் அல்ல. வருடக்கணக்கில் பழக்கிய தன் கையின் மேல் ஒருவருக்கு உள்ள நம்பிக்கை அது. கையும் கருவியும் சந்திக்கும் இடத்தைத்தான் இடைமுகம் என்கிறோம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெட்டிக்குள் திருப்பூர் பனியன் இருக்கலாம், ஆப்பிரிக்க முந்திரி இருக்கலாம். பளுதூக்கி பிடிப்பதோ மேல்மூலைகளில் உள்ள துளைகளைத்தான். அந்தத் துளைகளின் அளவும் இடைவெளியும் உலகம் முழுக்க ஒன்றாக இருப்பதால் உள்ளே எதை மாற்றினாலும் வேலை நிற்பதில்லை. துளையைக் கொஞ்சம் நகர்த்தினால், உள்ளே எவ்வளவு நல்ல சரக்கு இருந்தாலும் பெட்டி தரையிலேயே கிடக்கும்.

தமிழ்த் தட்டச்சின் கதையைப் போல இதை விளக்கும் சான்று வேறில்லை. தட்டச்சுப் பொறியில் ‘கொ’ அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே விரல் போகும். தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகளுக்காக ஊர் ஊராக இருந்த தட்டச்சுப் பயிலகங்களில் பல தலைமுறைகள் இந்த வரிசையைக் கற்றன. அரசு வேலைக்கு அது ஒரு வாசல். கணினி வந்தபோது பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் அந்த வழக்கத்தையொட்டியே அமைந்தன. அவற்றின் உள்ளே இருந்த குறை பெரியது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த ஏற்பாடு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். ஒரு சொல்லைத் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது. உலக மொழிகளுக்கான பொதுக் குறியேற்றமான யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டுக்குப் பிறகு ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். நல்ல அமைப்பு அது. புதிதாகக் கற்பவர் அதில் தொடங்குவதே மேல் என்பேன். ஆனால் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அடித்துப் பிழைக்கும் ஒருவரிடம் அது கேட்டது, நாளை முதல் நீ ஆரம்பப் பள்ளிக்குப் போ என்று. அப்படிப் பிழைத்தவர்களில் பலர் போகவில்லை. பிறகு இகலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் பழைய தட்டச்சு முறையையும் பாமினி முறையையும் தமிழ் 99ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தன. கொம்பை முதலில் அடித்தாலும், யூனிகோடு கேட்கும் வரிசைக்கு அதை மாற்றிக்கொள்வது மென்பொருளின் வேலை ஆயிற்று. விரல் இருந்த இடத்திலேயே இருந்தது, உள்ளே இருந்த பழுது நீங்கியது.

உலகச் சந்தையிலும் இதுவே நடந்தது. மைக்ரோசாஃப்ட் 2012 அக்டோபரில் வெளியிட்ட விண்டோஸ் 8, திரையின் இடக்கீழ் மூலையில் 1995 முதல் இருந்துவந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டது. முந்தைய பதிப்பைவிட அது விரைவாக இயங்கத் தொடங்கும். அதை யாரும் பாராட்டவில்லை. பொத்தான் எங்கே என்றுதான் கேட்டார்கள். ஒரே ஆண்டில் 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது, 2015இல் விண்டோஸ் 10இல் அந்தப் பொத்தான் திறக்கும் பழைய பட்டியலும் திரும்பியது. இதற்கு மறுபக்கம் விண்டோஸ் எக்ஸ்பி. 2001இல் வந்த அதற்கான ஆதரவை நிறுவனம் 2014 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. ஆனால் 2017 மே மாதம் வான்னாகிரை என்ற இணையத் தாக்குதல் வந்தபோது, கைவிட்ட அந்த எக்ஸ்பிக்கும் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அத்தனை பேர் அதைவிட்டு நகரவில்லை. பாதுகாப்பு ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, பொத்தான் தெரியும். மனிதர்கள் தங்கள் கைக்கு எட்டும் குறையைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எந்தக் கட்டளை தந்தால் மென்பொருள் நின்றுபோகும், அதற்கு முன் எங்கே சேமித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர்களுடைய தொழில் அறிவின் பகுதியாகிவிடுகிறது. புதிய பதிப்பு அந்த அறிவைச் செல்லாக்காசாக்கும்போது எழும் கோபத்தைப் பழமைவாதம் என்று தள்ளுவது அநியாயம்.

இது பழக்கம் அல்ல, சிறைவாசம் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. அச்சகங்கள் நம்பியிருந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் யூனிகோடு தமிழ் வேலை செய்யாது. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் வளர்ச்சியும் நின்றது. பழைய எழுத்துருவில் குவிந்த கோப்புகளை விட்டுவிட்டு எங்கே போவது? ஆங்கில விசைப்பலகையைப் பற்றியும் இதே வழக்கு உண்டு. மோசமான அமைப்பு வரலாற்று விபத்தால் நிலைத்துவிட்டது என்று பொருளியலாளர் பால் டேவிட் 1985இல் வாதிட்டார். அது மோசம் என்பதற்கே சரியான சான்று இல்லை என்று லீபோவிட்ஸ், மார்கோலிஸ் என்ற பொருளியலாளர்கள் 1990இல் மறுத்தார்கள். யார் சொன்னது சரியாக இருந்தாலும், மறுபடி கற்கும் செலவு உண்மையானது, அதைச் சுமப்பவர் பயனர். கட்டாயத்தையும் பழக்கத்தையும் பிரித்தறியவும் வழி இருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று வருமான வரித் துறையின் புதிய இணையதளம் வந்தது. முகமும் உள்ளமைப்பும் ஒரே நாளில் மாறின. தொடர்ந்த கோளாறுகளால் அதை உருவாக்கிய நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நிதியமைச்சகம் அழைத்து விளக்கம் கேட்டது, கணக்குத் தாக்கலுக்கான கெடு டிசம்பர் 31 வரை நீண்டது. மக்கள் அப்போதும் அந்தத் தளத்துக்கே திரும்பத் திரும்பப் போனார்கள், வேறு தளம் இல்லாததால். அதை விசுவாசம் என்று யாரும் கணக்கெழுத மாட்டார்கள். பாமினியின் கதை வேறு. தமிழ் அடிக்க வேறு வழிகள் இலவசமாகக் கிடைத்த பின்னும், கோப்புச் சுமை இல்லாத இடங்களிலும், பழைய விரல்வரிசையே தொடர்ந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பழகிய கையை இப்படித் தொழுதுகொண்டிருந்தால் எந்தத் திருத்தமும் வராதே? வரும், வந்திருக்கிறது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்த வீரமாமுனிவர், பதினெட்டாம் நூற்றாண்டில் எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்தார் என்பது தமிழ் மரபு. அதைச் செய்த விதத்தைப் பாருங்கள். பழைய ஒற்றைக் கொம்பைக் குறிலுக்கே விட்டுவிட்டு, நெடிலுக்கு மட்டும் மேலே ஒரு சுழி சேர்ந்தது. சுழியைக் கவனிக்காத பழைய வாசகர் முன்பு போலவே படித்துக்கொண்டு போகலாம். கவனித்தவருக்குத் தெளிவு கிடைத்தது. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளை எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஏற்றதும் அந்த வகைதான். ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகள் ‘கை’யின் வடிவத்துக்கு வந்தன, ணா, றா, னா ‘கா’வின் வடிவத்துக்கு வந்தன. கண் ஏற்கெனவே அறிந்த விதிக்குள் விலக்குகளைக் கொண்டுவந்த மாற்றம் அது. அதனால் புதிய எழுத்தைக் கற்க யாரும் பயிலகம் போக வேண்டியிருக்கவில்லை.

இப்போது கைப்பேசியில் ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் தலைமுறை வளர்கிறது. அவர்களுக்குக் கொம்பு முதலா மெய் முதலா என்ற கேள்வியே இல்லை. இன்னும் இருபது ஆண்டில் அந்த விரல்களும் பழகி இறுகிவிடும், அப்போது வரும் புதிய முறைக்கு அவையும் மறுப்புச் சொல்லும். அதுவரை, அரசோ நிறுவனமோ தமிழுக்காக எந்தப் புதிய மென்பொருளை வெளியிட்டாலும் தட்டச்சர்கள் கேட்பது ஒன்றுதான்: பழைய தட்டச்சு முறையை எங்கோ அமைப்புகளுக்குள் மூன்று படி கீழே ஒளித்துவைக்காமல், திறந்ததும் தெரியும் முதல் திரையிலேயே வையுங்கள்.