கலுங்கை அடைத்தால் கரை நிற்காது

கண்மாய்க் கரை என்பது மண்ணால் ஆன சிறு அணைதான். கற்கட்டின் மேல் தண்ணீர் வழிந்தாலும் தாங்கும். மண் கரையின் மேல் வழிந்தால் வெளிச்சரிவு அரித்து, சில மணி நேரத்தில் உடைப்பு விழும்.

1977 வெள்ளத்தில் வேடசந்தூர் பகுதியில் உள்ள குடகனாறு அணை உடைந்தது இப்படித்தான். அன்று அது மதுரை மாவட்டம், இன்று திண்டுக்கல். மின்சாரம் இல்லாமல் ஷட்டர்களை முழுவதும் தூக்க முடியவில்லை. போகப் போதிய வழியில்லாத வெள்ளம் மண் கரை மேல் ஏறியது. உயிர்கள் பலியாயின.

கண்மாய்க்கு ஷட்டர் போன்றது கலுங்கு. 'இன்னும் ஒரு தண்ணி கூடக் கிடைக்குமே' என்று ஐப்பசி, கார்த்திகையிலேயே கலுங்கில் மணல் மூட்டை அடுக்குவது சில ஊர்களில் உண்டு. பழைய கலுங்குகளில் நட்டிருக்கும் கல்தூண்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்துத் தண்ணீரை உயர்த்தியது உண்மைதான். ஆனால், அது வெள்ள பயம் நீங்கிய பிறகு செய்ய வேண்டியது. ஒரு கண்மாய் உடைந்தால் கீழே உள்ள கண்மாய்க்கும் அதே கதிதான்.

மழைக்கு முன் கவனிக்க வேண்டியவை:

* வண்டி, டிராக்டர் ஏறி இறங்கும் இடத்தில் கரை தாழ்ந்திருக்கும். கொத்தனாரின் டியூப் லெவல் கொண்டு கலுங்கு மட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாழ்ந்த இடத்தைக் களிமண் கலந்த மண்ணால் அரை அடி அரை அடியாகப் போட்டு, நனைத்து, இடித்து உயர்த்த வேண்டும்.
* எலி வளை, நண்டு வளைகளைத் தோண்டி, மண் நிரப்பி இடிக்க வேண்டும். சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால், அது மக்கிய இடம் தண்ணீருக்குப் பாதையாகும். வேரோடு எடுத்துக் குழியை மூடும் வேலையைக் கோடையிலேயே முடியுங்கள்.
* மறுகால் ஓடையில் ஆக்கிரமிப்பு, புதர் இருக்கக் கூடாது.

கண்மாய் நிறைந்த பின் வெளிச்சரிவையும் மடையையும் சுற்றிப் பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தால் தொடர்ந்து கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால், உள்ளே மண் கரைகிறது என்று பொருள். கசிவின் வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள். தண்ணீர் வேறு வழி தேடும். அதன் மேல் மணல், அதற்கு மேல் சரளை பரப்பினால் தண்ணீர் வடியும், மண் நிற்கும். கீழே உள்ள வீடுகளுக்கு உடனே சொல்லுங்கள்.

100 ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள கண்மாய்களை நீர்வளத் துறையும், மற்றவற்றை ஊராட்சி ஒன்றியமும் கவனிக்கின்றன. அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

ஒரு தண்ணிக்கு ஆசைப்பட்டு ஒரு போகத்தையே இழக்க வேண்டாம்.