கோபுரம் எழுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள்

ஊருக்குள் ஒரு காணி துப்புரவாக்கப்படுகிறது. சில நாட்களில் ஆழமான குழி வெட்டி, கம்பி கட்டி, கொங்கிறீற் போடுகிறார்கள். "என்ன கட்டுகிறீர்கள்?" என்று அயலவர் விசாரிக்கும்போதுதான் அது கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கான அத்திவாரம் என்பது தெரியவருகிறது. காணிக்காரருக்கு வாடகை கிடைக்கும். வேலிக்கு அப்பால் இருப்பவருக்கோ மின்பிறப்பாக்கியின் இரைச்சலும், இடிமின்னல் பற்றிய பயமும், பிள்ளைகளின் சுகம் பற்றிய கவலையுமே மிஞ்சும். நேற்றுவரை கொடுத்து வாங்கிய இரு குடும்பங்கள் முகம் பாராமற் போகின்றன. இந்தப் பிணக்கிற்குக் கோபுரம் மட்டும் காரணமல்ல. முடிவு எடுக்கப்பட்ட பின்னரே ஊருக்குச் செய்தி கிடைப்பதுதான் பெரிய காரணம்.

கோபுரமே வேண்டாம் என்பது எமது கருத்தன்று. தெற்காசியாவிலேயே முதன்முதலாகக் கைத்தொலைபேசிச் சேவை இலங்கையில்தான் 1989 இல் ஆரம்பமானது. ஆயினும் வடக்கு கிழக்கின் பல பகுதிகள் அதற்காக 2002 ஆம் ஆண்டின் யுத்த நிறுத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலைவரிசை கிடைக்காத கிராமங்களில் பிள்ளைகள் பாறைகளிலும் மரங்களிலும் ஏறி நின்று பாடம் படித்ததை நாம் மறக்கவில்லை. கடலுக்குப் போனவருக்குப் புயல் எச்சரிக்கை எட்டவும், நள்ளிரவில் பிரசவ வலி கண்டவருக்கு வாகனம் அழைக்கவும் இன்று கைத்தொலைபேசியே துணை. எனவே கோபுரம் எங்கே, எவ்வளவு உயரத்தில், எந்த நிபந்தனைகளுடன் அமையவேண்டும், அதை யார் தீர்மானிக்கவேண்டும் என்பனவே நாம் கேட்கவேண்டிய கேள்விகள்.

அனுமதி கொடுப்பவர் யார்?

இங்கு பலரும் குழம்புகிறார்கள். கோபுரத்துக்கு ஒரே ஒரு கதவு இல்லை.

முதலாவது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்துக்கு 1996 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் இது உருவானது. கம்பனிகளின் அனுமதிப்பத்திரமும் வானலைப் பயன்பாடும் இதன் பொறுப்பில் உள்ளவை.

இரண்டாவது, உள்ளூராட்சிச் சபை. கோபுரம் வானலையை அனுப்பும் கருவி மட்டுமல்ல, நிலத்தில் ஊன்றப்படும் ஒரு கட்டுமானமும் ஆகும். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில், கட்டுமான வேலைக்கு முன்னர் அனுமதி பெறவேண்டும். அந்த அனுமதியை வழங்கும் வேலை பெரும்பாலும் மாநகர, நகர, பிரதேச சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பிரதேச சபைகளுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமும் கட்டிடங்களை ஒழுங்குபடுத்த இடம் தருகிறது.

மூன்றாவது, இடத்தைப் பொறுத்து வருகின்ற ஏனைய திணைக்களங்கள். விமானப் பாதைக்கு அருகாமை, காடு, தொல்பொருட் பிரதேசம், கடற்கரையோரம் என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான நிறுவனம் உண்டு.

"மேலிடத்து அனுமதி இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், எந்தக் கதவின் அனுமதி என்று கேட்கவேண்டும். ஒரு கதவு திறந்தால் மற்றவை தாமாகத் திறந்துவிடா.

கதிர்வீச்சு பற்றிய பயம்

ஊர்க் கூட்டங்களில் முதலில் எழுவது இந்தப் பேச்சுத்தான். அறிந்ததை அறிந்தபடி சொல்வது எமது கடமை. கோபுரத்திலிருந்து வருவது வானொலி அலை. எக்ஸ் கதிரைப் போல அணுக்களை அயனாக்கும் வலு அதற்கில்லை. பொதுமக்கள் நடமாடும் இடங்களில் கோபுர அலைகளின் அளவு சர்வதேச வரம்பின் 0.002 வீதம் முதல் 2 வீதம் வரையானது என்று உலக சுகாதார நிறுவனம் 2006 இல் தெரிவித்தது. அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் வானொலி அலைகளைப் "புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்" என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஆனால் அதற்கு அடிப்படையாக இருந்தது முக்கியமாகக் கைத்தொலைபேசியைத் தலையோடு அணைத்துப் பேசுவோர் பற்றிய ஆய்வுகளே. கோபுரம் தொலைவில் இருந்து அலை மெலிந்தால் கையிலுள்ள தொலைபேசி கூடிய வலுவுடன் அலையை வெளியிடுகிறது என்பதையும் நாம் அறிந்திருக்கவேண்டும்.

சில நாடுகள் கூடுதல் அவதானத்துடன் நடந்துள்ளன. இந்தியா 2012 செப்டெம்பர் 1 முதல் சர்வதேச வரம்பின் பத்தில் ஒரு பங்கைத் தன் வரம்பாக்கியது. 900 மெகாஹேட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீற்றருக்கு 4.5 வாட் என்றிருந்தது 0.45 வாட் ஆகியது. எனவே பயப்படுவோரை ஏளனம் செய்யவேண்டியதில்லை. கோபுரத்தால் இன்ன நோய் நிச்சயம் வரும் என்று கலவரப்படுத்தவும் வேண்டியதில்லை. அளவீட்டு அறிக்கையைக் கேட்பதே நல்ல வழி.

2019 இல் யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் "ஸ்மார்ட்" விளக்குக் கம்பங்கள் நாட்டப்பட்டபோது, அவை 5ஜி கோபுரங்கள் என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. வர்த்தக ரீதியான 5ஜி சேவை அப்போது இலங்கையில் இருக்கவில்லை. கம்பம் நாட்டப்படும் முன்னரே ஒப்பந்தத்தையும் வரைபடத்தையும் மக்கள் முன் விரித்து வைத்திருந்தால், வதந்திக்கு அத்தனை இடம் கிடைத்திருக்காது என்பதே எமது எண்ணம்.

ஓர் அமெரிக்க நகரம் தரும் பாடம்

உள்ளூர்ச் சபையின் அதிகாரம் பற்றி அமெரிக்காவில் நீண்ட வழக்காடல் நடந்திருக்கிறது. அங்கு 1996 இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம் கோபுரத்தின் இடம், உயரம், தோற்றம் என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமையை உள்ளூர்ச் சபைகளிடமே விட்டது. ஆனால் எல்லைகளையும் போட்டது. சேவையை முற்றாகத் தடுக்கலாகாது. ஒரு கம்பனிக்கு ஒரு நீதி, இன்னொன்றுக்கு வேறு நீதி கூடாது. நியாயமான காலத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் எழுத்தில், சான்றுகளுடன் மறுக்கவேண்டும். அலைகள் மத்திய அரசின் வரம்புக்குள் இருந்தால் கதிர்வீச்சைக் காரணம் காட்டி மறுக்க முடியாது.

ஜோர்ஜியா மாநிலத்தின் ரொஸ்வெல் நகரில், குடியிருப்புக் காணியொன்றில் மரம்போல் தோற்றமளிக்கும் 108 அடிக் கோபுரம் கட்ட ஒரு கம்பனி விண்ணப்பித்தது. அயலவர் எதிர்த்தனர். 2010 ஏப்ரலில் நகர சபை பகிரங்க விசாரணை நடத்தி அதை நிராகரித்தது. ஆனால் அனுப்பிய கடிதத்தில் காரணம் எழுதப்படவில்லை. காரணங்கள் அடங்கிய கூட்டக் குறிப்பு 26 நாட்களின் பின்னரே வெளிவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காரணத்தை வேறொரு ஆவணத்தில் சொல்லலாம், ஆனால் மறுப்போடு ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதைத் தரவேண்டும், சபை அப்படிச் செய்யவில்லை என்று 2015 ஜனவரியில் தீர்ப்பாகியது.

அந்தச் சட்டம் எமது சட்டமல்ல. பாடம் எமக்கும் பொருந்தும். மண்டபம் நிறையக் கூடிப் பேசிய பேச்சு, கூட்டக் குறிப்பில் ஏறாவிட்டால் காற்றோடு போய்விடும். பொதுவான கோபத்தைவிட, "இத்தனை மீற்றர் உயரம், வீட்டிலிருந்து இத்தனை மீற்றர் தூரம்" என்று அளந்து எழுதிய ஆட்சேபனைக்கே வலு அதிகம்.

தகவல் கேட்பது எமது உரிமை

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி பிரதேச சபையிடமோ ஆணைக்குழுவிடமோ எந்தப் பிரசையும் ஆவணங்களைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பம் கையளித்ததற்கான எழுத்து மூலப் பற்றுச்சீட்டைத் தவறாது வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் என எதுவாயினும் ஒரு கூட்டத்தைக் கூட்டிப் பின்வருவனவற்றை எழுத்தில் கேட்கலாம்:

1. எந்தெந்த நிறுவனங்களின் அனுமதி பெறப்பட்டுள்ளது? திகதி, இலக்கம் என்ன?

2. கோபுரத்தின் உயரம் எவ்வளவு? அது சரிந்தால் விழும் தூரத்துக்குள் எத்தனை வீடுகள் உள்ளன?

3. மண் பரிசோதனையும், பொறியியலாளரின் உறுதிப்பத்திரமும் உண்டா?

4. மின்னல் கடத்தியும் நிலத்தொடுப்பும் எப்படி அமைந்துள்ளன? யார், எப்போது பரிசோதிப்பார்?

5. மின்பிறப்பாக்கி எந்தப் பக்கம் வைக்கப்படும்? இரைச்சலையும் எண்ணெய்க் கசிவையும் தடுக்க என்ன ஏற்பாடு? கிணறுகள் எவ்வளவு தூரத்தில்?

6. அருகில் ஏற்கனவே உள்ள கோபுரத்தைப் பகிர்ந்து பயன்படுத்த முடியாதா?

7. குத்தகை முடிந்தபின் கோபுரத்தைக் கழற்றி அகற்றுவது யார் பொறுப்பு?

ஏழாவது கேள்வியைக் காணிக்காரரும் தமது நன்மைக்காகவே கேட்கவேண்டும். ஒப்பந்தத்தைத் தமக்கு விளங்கும் மொழியில் வாசிக்காமல் கையொப்பமிட வேண்டாம் என்று அவரிடம் சொல்வது அயலவரின் கடமை.

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறோம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தபின், 2025 மே 6 தேர்தல் வரை இரண்டு வருடங்களுக்கு மேலாக மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் சபைகளில் இருக்கவில்லை. முறையிட அலுவலர் மட்டுமே இருந்தனர். இப்போது வட்டார உறுப்பினர் உண்டு. அத்திவாரக் குழி வெட்டப்பட்ட பின்பு மறியலுக்கு அவரை அழைப்பதிலும், விண்ணப்பம் சபைக்கு வந்த அன்றே ஊருக்கு அறிவிக்கும்படி இன்றே அவரிடம் கேட்பது மேலானது. அப்படியொரு தீர்மானத்தைச் சபையில் நிறைவேற்றச் செய்யும் கிராமம், கோபுரத்தையும் பெறலாம், அயலவரின் உறவையும் காத்துக்கொள்ளலாம்.