வசனம் நின்ற இடத்தில் வரலாறு

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி இருண்ட உள்சுற்று ஒன்று இருக்கிறது. பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்துகிடப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தது அங்கேதான். ஓர் ஓவியத்தில் தாடி வைத்த முதியவர் ஒருவரும் அவருக்குப் பின்னால் இளையவர் ஒருவரும் நிற்கிறார்கள். முதியவர் குரு கருவூர்த்தேவர், இளையவர் ராஜராஜ சோழன் என்று சொல்லி வருகிறோம். எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்கவில்லை.

ராஜராஜனின் காலத்திலேயே அவனுக்கும் பட்டத்தரசி உலகமாதேவிக்கும் செப்புத் திருமேனிகள் செய்து வைத்தார் கோயிலின் நிர்வாக அதிகாரி ஆதித்தன் சூரியன். அந்தச் செய்தியைச் சொல்லும் கல்வெட்டு, சிலையின் உயரம் எத்தனை முழம், எத்தனை விரல் என்றுகூடக் கணக்குத் தருகிறது. முகம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சொல் இல்லை. காணாமல் போயிருந்த ராஜராஜன், உலகமாதேவி சிலைகள் 2018-ல் அகமதாபாத்திலிருந்து மீட்கப்பட்டுத் தஞ்சைக்கு வந்தபோது, ஊர் மேளதாளத்தோடு வரவேற்றது.

ஆனால் ராஜராஜன் என்றதும் ஐம்பது வயதைக் கடந்த தமிழருக்குக் கண்ணில் நிற்பது ஓவியமும் அல்ல, செப்புச் சிலையும் அல்ல. முறுக்கிய மீசை, சரியாத மகுடம், அடிவயிற்றிலிருந்து எழும் குரல்: சிவாஜி கணேசன். 2022-ல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ இளைய தலைமுறைக்கு ஜெயம் ரவியின் முகத்தைக் கொடுத்தது. அதற்கு முன் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த அரியணையில் சிவாஜி ஒருவர்தான்.

அவரும் தஞ்சாவூர்க்காரர்தான். பிறந்தது விழுப்புரமானாலும் குடும்பத்தின் நிலமும் வீடும் தஞ்சையை அடுத்த சூரக்கோட்டையில். பெயருக்கு முன்னால் ‘சிவாஜி’ ஒட்டிக்கொண்ட கதையை எல்லாரும் அறிவார்கள். 1940-களின் நடுவில் அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த இளைஞர் கணேசனுக்குப் பெரியார் அந்தப் பட்டத்தைச் சூட்டினார். அசல் சிவாஜிக்கும் இந்த மண்ணோடு தொடர்பு உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1670-களில் தஞ்சையைப் பிடித்து ஆண்ட ஏகோஜி அவருடைய மாற்றாந்தாய் மகன். 1677-ல் தென்னாட்டுப் படையெடுப்பின்போது, தந்தையின் சொத்தில் பங்கு கேட்டு, கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடிப் பக்கம் தம்பியைச் சந்தித்தார் சிவாஜி. பேச்சு முறிந்தது. ஏகோஜி இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து தஞ்சைக்குத் திரும்பிவிட்டார். அந்தப் போன்சலே வம்சத்தின் சரித்திரத்தை 1803-ல் இரண்டாம் சரபோஜி பெரிய கோயில் சுவரிலேயே மராட்டியில் வெட்டி வைத்தார். அண்ணாவின் நாடகம் எடுத்துக்கொண்டதோ வேறு விஷயம்: 1674 முடிசூட்டு விழாவில் எழுந்த வருணப் பிரச்சினை, முடிசூட்டி வைத்த புரோகிதர் காகபட்டரின் வருகை. திராவிட இயக்க மேடைக்கு அதுதான் வேண்டியிருந்தது. சிவாஜியின் சரித்திர வேடங்களுக்கு ஆரம்பமே அப்படி: வரலாற்றிலிருந்து எதை எடுப்பது என்பதை அன்றைய மேடை முடிவு செய்தது.

‘ராஜராஜ சோழன்’ 1973-ல் வந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். ஏ.பி. நாகராஜன் இயக்கினார். மூலக்கதை அரு. ராமநாதனின் நாடகம், டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் புகழ்பெறச் செய்தது. பெரிய கோயிலில் படமெடுக்க அனுமதி கிடைக்காமல் சென்னையில் செட் போட்டார்கள். கதை என்ன? ராஜராஜன் மகள் குந்தவைக்கும் வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்கும் காதல். நடுவே நம்பியார் நடித்த பாலதேவரின் சூழ்ச்சி. தந்தைக்கும் மகன் ராஜேந்திரனுக்கும் உரசல்.

காதலர்கள் இருவரும் வரலாற்று மனிதர்கள்தான். திருமணமும் நடந்தது. ஆனால் அதன் பின்னணி படத்தைவிடச் சுவாரசியமானது. 973-ல் வேங்கி அரசன் தானார்ணவன் கொல்லப்பட்டான். கொன்றவன் ஜடாசோட பீமன். தானார்ணவனின் மகன்கள் சக்திவர்மனும் விமலாதித்தனும் சோழநாட்டில் அடைக்கலம் புகுந்தார்கள். ராஜராஜன் படை அனுப்பி மூத்தவனை அரியணையில் ஏற்றினான், இளையவனுக்கு மகளைக் கொடுத்தான். கணக்குப் போட்டுச் செய்த சம்பந்தம் அது. அடுத்த தலைமுறையிலும் பெண் கொடுத்தார்கள்: விமலாதித்தன்–குந்தவை மகன் ராஜராஜ நரேந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் ராஜேந்திரனின் மகள் அம்மங்கை. அவர்கள் பிள்ளைதான் 1070-ல் சோழ அரியணையில் அமர்ந்து ஐம்பது ஆண்டு ஆண்ட முதலாம் குலோத்துங்கன். ஓர் அகதி இளவரசனின் பேரன் சோழ நாட்டுக்கே மன்னனானான். இதை விட்டுவிட்டு பாலதேவர் என்ற கற்பனை வில்லனைத் தேடிப் போனது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. பதில் எளிது. மேடைக்கு எதிரெதிரே நின்று பேச இருவர் வேண்டும்.

உடையும் மேடையின் வழி வந்ததே. சோழர் ஓவியங்களிலும் சிற்பங்களிலும் அரசர்கள் மேலாடை இல்லாமல், முடியைக் கொண்டையிட்டு நிற்கிறார்கள். வெல்வெட்டும் ஜரிகையும் கம்பெனி நாடகங்கள் கொண்டுவந்தவை. ராஜராஜன் படம் என்றால் பின்னணியில் மாபெரும் நந்தியை வரையாத ஓவியர் இல்லை. அந்த நந்தி நாயக்கர் காலத்தது. ராஜராஜன் அதைக் கண்டதே இல்லை.

ஆண்டுகளில் பின்னோக்கிப் போனால் 1959-ல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றி, பிறகு பி.ஆர். பந்துலு படமாக்கியது. வசனம் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி. ஆய்வுப் பொறுப்பு ம.பொ. சிவஞானத்துடையது. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது. கலெக்டர் ஜாக்சனிடம் கட்டபொம்மன் பொழியும் வரி மறுப்பு வசனத்தை மனப்பாடம் செய்து பள்ளி மேடையில் முழங்காத தமிழ்ப் பையன் அந்தக் காலத்தில் அபூர்வம்.

அந்தச் சந்திப்பு நடந்தது உண்மை. 1798 செப்டம்பரில், ராமநாதபுரத்தில். அதற்கு முன் ஜாக்சன் ஊர் ஊராக முகாம் மாற்றிக்கொண்டே போக, கட்டபொம்மன் 23 நாள், சுமார் 400 மைல், பின்னாலேயே அலைந்தார். கடைசியில் மணிக்கணக்கில் நிற்கவைத்து விசாரித்தார்கள். கணக்கைப் பார்த்தபோது பழைய பாக்கி 3,310 பகோடாவில் பெரும்பகுதி கட்டப்பட்டு, மிச்சம் 1,080 மட்டுமே என்று தெரிந்தது. அதாவது வரியே கொடுக்க மறுத்தவர் அல்ல, கொடுத்துக்கொண்டே, அவமானப்படுத்தப்பட்டவர். கோட்டை வாசலில் எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியே அமைத்த விசாரணைக் குழு கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்றது. ஜாக்சன்தான் பதவி இழந்தார். படத்தின் புகழ்பெற்ற வாக்குவாதத்துக்கு ஆவணத்தில் இடமில்லை.

கயத்தாற்றுக் காட்சியோ நேர்மாறு. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனை அங்கே தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன் மறுநாள் அரசுக்குக் கடிதம் எழுதினார். விசாரணை முழுவதும் கட்டபொம்மன் அஞ்சாமல், அலட்சியமாக நின்றார் என்கிறார். தன்னைப் பிடிக்கத் துடித்த எட்டயபுரத்து எட்டப்பனை வெறுப்போடு பார்த்தார். தூக்குமரத்துக்கு உறுதியான நடையில் போனார். இருபுறமும் நின்ற பாளையக்காரர்கள் மீது ஏளனப் பார்வை வீசினார். ஊமைத் தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். கோட்டையை விட்டு வந்ததற்குப் பதில் அங்கேயே போரிட்டு மடிந்திருக்கலாம் என்று வருந்தினார். எதிரி எழுதிய சாட்சியம் இது. திரையில் சிவாஜி நடக்கும் அந்தக் கடைசி நடையை மிகை என்று சொல்பவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். படத்தில் மிக நாடகத்தனமாகத் தெரியும் இடம்தான் ஆவணத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

எட்டப்பன் மீது தமிழர்களுக்கு இருக்கும் கோபத்தில் பாதியாவது புதுக்கோட்டைக்குச் சேர வேண்டும். காட்டில் மறைந்திருந்த கட்டபொம்மனைப் பிடித்து வெள்ளையரிடம் ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமானின் ஆட்கள். மறுபக்கம், தமிழ்வாணன் கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்றே ஒரு புத்தகம் எழுதினார். சிவாஜியோ கயத்தாற்றில் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிச் சிலை எழுப்பினார். சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை.

கட்டபொம்மன் தூக்கில் தொங்கிய ஒன்பதாம் நாள், 1799 அக்டோபர் 25-ல், தஞ்சையில் இரண்டாம் சரபோஜி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, கோட்டையைத் தவிர மற்ற நாட்டைக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். அதன் பிறகு சரஸ்வதி மகாலுக்குச் சுவடிகளும் புத்தகங்களும் சேர்த்தார். கண் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை ஓவியத்தோடு எழுதிவைக்கச் செய்தார். தஞ்சைக்கு அவர் விட்டுப்போனது ஏராளம். அவரை நாயகனாக வைத்து சிவாஜி ஒரு படமும் நடிக்கவில்லை. கையெழுத்துப் போடுவதைக் கைதட்டலோடு எப்படி நடிப்பது?

ஹாலிவுட்டிலும் இதே கதைதான். கட்டபொம்மன் வந்த இரண்டாம் ஆண்டு, 1961-ல், சார்ல்டன் ஹெஸ்டன் ‘எல் சித்’ படத்தில் ஸ்பெயின் நாட்டு வீரனாக நடித்தார். நமக்கு ம.பொ.சி. போல, அவர்களுக்கும் மெனென்டஸ் பிடால் என்ற பேரறிஞர் ஆலோசகர். அசல் எல் சித் சில ஆண்டுகள் சரகோசாவின் முஸ்லிம் அரசரிடம் சம்பளத்துக்குப் போரிட்டவர். இறந்த உடலைக் குதிரையில் ஏற்றிப் போருக்கு அனுப்பியதாக வரும் முடிவு, பின்னால் முளைத்த கதை. ஆலோசகர் எத்தனை பெரியவரானாலும் கடைசி ரீலை எழுதுவது மக்கள் சொல்லி வரும் கதைதான் போலும்.

1961-லேயே ‘கப்பலோட்டிய தமிழன்’. இதிலும் ம.பொ.சி. எழுதிய நூலே அடிப்படை. வ.உ.சி. மறைந்து 25 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவரை நேரில் கண்டவர்கள் திரையரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே கற்பனைக்கு இடம் குறைவு. கோவைச் சிறையில் செக்கிழுக்கும் காட்சியில் சிவாஜிக்கு வசனம் தேவைப்படவில்லை, தோளும் முதுகும் போதுமாக இருந்தன. படம் வசூலில் தோற்றது.

1967-ன் ‘திருவருட்செல்வர்’ படத்தில் நடந்திருப்பது இன்னும் விசித்திரம். அதில் சிவாஜி சேக்கிழாராகவும் வருகிறார், அப்பர் என்ற திருநாவுக்கரசராகவும் வருகிறார். இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு இடைவெளி. அப்பர் ஏழாம் நூற்றாண்டு; அவர் வாழ்க்கையைப் பெரியபுராணத்தில் சொன்ன சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழ அமைச்சர். ஆக, திரையில் நாம் காண்பது சேக்கிழாரின் அப்பரை. திருவையாற்றுக்குப் பக்கத்துத் திங்களூரில் அப்பூதியடிகளின் மகனைப் பாம்பு தீண்டிய கதை அதில் வருகிறது. பெரியபுராணப்படி அப்பர் அங்கே ஒரு தேவாரப் பதிகம் பாடினார். படத்திலோ பாம்பாட்டிச் சித்தரின் அடியோடு தொடங்கும் பாட்டு. சித்தர் அப்பருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர்! அப்படியும் உழவாரத்தைத் தோளில் சாய்த்துக் கூனி நடந்து வரும் அந்தக் கிழவரைப் பார்த்தால் ஆட்சேபம் எழுவதில்லை. அந்தத் தோற்றத்துக்குக் காஞ்சிப் பெரியவரை மனதில் வைத்துக்கொண்டதாகச் சிவாஜியே சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் செய்தவரைத் தஞ்சை மண் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. 1989 தேர்தலில் தனிக்கட்சி தொடங்கித் திருவையாற்றில் நின்றவர், தி.மு.க.வின் துரை. சந்திரசேகரனிடம் தோற்றார்.

டெல்டாவின் வரலாற்றைச் சிவாஜி மிகச் சரியாக நடித்துக் காட்டியது அரசர் வேடத்தில் அல்ல என்றுதான் சொல்ல வேண்டும். 1968-ன் ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம் முழுக் கற்பனை. ஆனால் நாகப்பட்டினத்தை ஒட்டிய சிக்கலும் மோகனாவின் திருவாரூரும், கோயில் உற்சவமும், தவில்காரரோடு உள்ள உறவும், ஜமீன்தார் முன் கலைஞன் காட்டும் ரோஷமும் நிஜம். படத்தில் நாகஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். விரல் அசைவும் கன்ன உப்பலும் சிவாஜியுடையவை. வாசித்தது அவரே என்று நம்பியவர்கள் உண்டு.

பத்மினி ஆடிய மோகனாவின் முன்னோர்கள் பெரிய கோயில் சுவரில் இருக்கிறார்கள். சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல்மகளிரை, தஞ்சையில் குடியமர்த்தினான் ராஜராஜன். தெரு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் கல்வெட்டில் ஒரு வரி உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவனார், உவச்சர், பாடுவோர், விளக்கேற்றுவோர், குடை பிடிப்போர், தையல்காரர், வண்ணார், நாவிதர், குயவர் என்று பட்டியல் நீள்கிறது. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் அந்தச் சுவரில் உண்டு. ‘ராஜராஜ சோழன்’ படம் இவர்களில் யாரையும் தேடிப் போகவில்லை. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, முதல் வீடு: நக்கன் சேரமங்கை. அதற்கடுத்த வீடுகளைப் படித்துக்கொண்டே போனால், திருவாரூரிலிருந்து வந்தவர்கள் பலர்.