ஒளிப்பட்டி அணைந்தால் குறை எங்கே?

சுவாமி அறையின் மாடத்தைச் சுற்றியும், வரவேற்பறைக் கூரையின் விளிம்பிலும், புத்தக அலுமாரியின் தட்டுகளிலும் எல்.ஈ.டி. ஒளிப்பட்டியை ஒட்டி அழகு பார்க்கும் வழக்கம் இன்று நம் இல்லங்களிலும் பரவியுள்ளது. நேற்றுவரை ஒளிர்ந்த பட்டி இன்று எரியாதொழிந்தால், பலரும் அதனை உரித்தெறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்கி வருகின்றனர். பழுது மின்வழங்கும் பெட்டியில் இருந்திருப்பின் புதிய பட்டியும் எரியாது. பணம் இருமுறை வீணாகும்.

ஐந்து மீற்றர்ப் பட்டியொன்றில் 300 சிறு விளக்குகள் வரை இருக்கும். அத்தனையும் ஒரே நொடியில் ஒருங்கே கெடுவது அரிது. குறை பெரும்பாலும் ஓரிடத்திலேயே இருக்கும். அவ்விடம் எதுவென்பதை இருளின் வடிவமே காட்டிவிடும். நாடி பிடித்த பின்னரே மருந்து கொடுக்கும் வைத்தியரைப் போல, நாமும் முதலில் அதனை நோக்குதல் வேண்டும்.

பட்டியின் அமைப்பு

மாணவர் பாடநூலிலே ஒளிகாலும் இருவாயி என்று படிப்பது இவ்விளக்கையே. வெண்ணிற விளக்கொன்று ஒளிர ஏறத்தாழ 3 வோல்ற்று தேவை. 12 வோல்ற்றுப் பட்டியில் மும்மூன்று விளக்குகளைத் தொடராக இணைத்து, எஞ்சிய 3 வோல்ற்றைத் தாங்க ஒரு தடையியையும் சேர்த்திருப்பர். மீற்றருக்கு 60 விளக்குகள் கொண்ட பட்டியில் இத்தகைய தொகுதி ஒவ்வொன்றும் 5 சென்ரிமீற்றர் நீளமுடையது. தொகுதிகள் யாவும் பட்டியின் நெடுகச் செல்லும் இரு செப்புத் தடங்களிலே சமாந்தரமாக இணைந்துள்ளன. தொடர்ச் சுற்று, சமாந்தரச் சுற்று என்னும் பாடத்தை நினைவிற் கொண்டால் பாதி வழி கடந்தாயிற்று.

முழுப் பட்டியும் இருண்டால்

பட்டியை ஐயுறுமுன் அதற்கு மின் வரும் வழியை ஐயுறுதல் முறை. சுவரிலுள்ள குதையில் வேறொரு விளக்கைச் செருகிப் பாருங்கள். அது எரிந்தால், அடுத்து நோக்கவேண்டியது கடைக்காரர் ‘அடப்டர்’ என்று சொல்லும் பெட்டியை. 230 வோல்ற்று ஆடலோட்டத்தை 12 வோல்ற்று நேரோட்டமாக மாற்றித் தருவது அதுவே. வெப்பத்தில் நெடுநாள் உழைப்பதாலும், மின்வெட்டின் பின் மின் திரும்பும் வேளைகளில் ஏற்படும் அதிர்ச்சியாலும் முதலிற் கெடுவது பெரும்பாலும் இப்பெட்டியே. பல்மானியை நேரோட்ட 20 வோல்ற்று வீச்சில் வைத்து, பெட்டியின் வெளிவாயிலை அளந்து பாருங்கள். சுழி காட்டினால் பெட்டி பழுது. தனியே அளக்கும்போது 12 காட்டி, பட்டியை இணைத்ததும் வெகுவாக வீழ்ந்தால், பெட்டி தளர்ந்துவிட்டது, அல்லது பட்டியின் பாரம் அதற்கு மிகை.

பெட்டி நலமாயின், நேர், எதிர் முனைகள் மாறியுள்ளனவா என்று காண்க. மாறியிருந்தால் விளக்குகள் ஒளிரா. றிமோற் உள்ள பட்டியாயின் அதன் சிறு மின்கலத்தையும் சோதிக்க வேண்டும். றிமோற்றின் நுனியைக் கைத்தொலைபேசியின் கமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி பல தொலைபேசிகளின் திரையில் ஊதாப் புள்ளியாகத் தோன்றும்.

ஒரு பகுதி மட்டும் இருண்டால்

நடுவே மூன்று விளக்குகள் மாத்திரம் அணைந்து ஏனையவை எரிந்தால், அத்தொகுதியில் ஒரு விளக்கோ தடையியோ கெட்டுள்ளது. ஓரிடத்திற்கு அப்பால் எல்லாம் இருண்டால், அவ்விடத்திலே செப்புத் தடமோ இணைப்போ அறுந்திருக்கும். சுவரின் மூலையில் பட்டியைக் கூராக மடித்த இடத்தையும், கிளிப்பு மாட்டிய இடத்தையும் முதலில் ஆராய்க. கடற்கரையை அண்டிய ஊர்களில் உப்புக் காற்றினாற் செப்பில் களிம்பேறி இணைப்பு விடுபடுவதுமுண்டு.

பழுதான துண்டை, வெட்டுக்குறி இட்ட இடங்களில் மட்டும் வெட்டி நீக்கி, முனைகளைப் பற்றாசு வைத்து இணைத்தால் பட்டி மீண்டும் ஒளிரும். பலநிறப் பட்டியில் ஒரு நிறம் மட்டும் எங்கணும் தோன்றாவிடின், அந்நிறத்துக்குரிய கம்பியையோ கட்டுப்பாட்டுப் பெட்டியையோ ஐயுறுக. சிவப்புப் போனால் வெண்மையும் நீலப்பச்சையாகத் தோன்றும்.

மங்கலும் மினுக்கமும்

தொடக்கத்திற் பிரகாசமாயும் கடைசியில் மங்கலாயும் எரிவது பழுதன்று, நீளத்தின் விளைவு. மெல்லிய செப்புத் தடத்தில் 1 வோல்ற்று இழக்கப்படின், தடையியின் பங்கு ஏறத்தாழ 3இலிருந்து 2 வோல்ற்றாகக் குறையும். ஓமின் விதிப்படி மின்னோட்டமும் மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். பட்டியின் இரு முனைகளிலும் மின் கொடுத்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

முழுப் பட்டியும் விட்டுவிட்டு மினுங்கினால் பெட்டியின் வலுவைக் கணக்கிடுக. மீற்றருக்கு 14.4 வாற்று வேண்டும் பட்டி 5 மீற்றருக்கு 72 வாற்று, அதாவது 6 அம்பியர் கேட்கும். 2 அம்பியர்ப் பெட்டியை அதற்கு மாட்டுவது கன்றுக்குட்டியை வண்டியிற் பூட்டுவது போலாம். தேவைக்கு ஐந்திலொரு பங்கேனும் மேற்பட்ட வலுவுள்ள பெட்டியே உகந்தது.

உயிர் காக்கும் விதிகள்

பட்டியின் 12 வோல்ற்றை அஞ்சவேண்டியதில்லை. பெட்டியின் உள்ளே இருப்பதை அஞ்சுதல் வேண்டும். அங்குள்ள கொள்ளளவியில் 325 வோல்ற்று வரை தேங்கும். செருகியைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் நிற்கக்கூடும். ஆதலின் பெட்டியைப் பிள்ளைகள் திறக்க இடங்கொடாதீர். கெட்டால் மாற்றுவதே முறை. வெட்டுவதும் இணைப்பதும் செருகியைக் கழற்றிய பின்னரே. சுருட்டிய நிலையில் பட்டியை நெடுநேரம் எரிய விட்டால் வெப்பம் வெளியேறாது பட்டி கருகும். 230 வோல்ற்றில் நேரடியாக எரியும் பட்டிகளும் கடைகளில் உண்டு. அவற்றில் கைவைப்பது மின்வினைஞருக்கே உரியது.

பல்மானி ஒன்று வீட்டிலிருந்தால், பெற்றோர் அருகிருக்க, இச்சோதனைகளை மாணவர் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம். மூலத்தில் தொடங்கி முனைவரை முறையாகச் செல்லும் பழக்கம் இங்கே வாய்த்துவிட்டால், நாளை நீரிறைக்கும் பம்பி நின்றாலும் மின்விசிறி நின்றாலும் அதே பழக்கம் துணைநிற்கும்.